வாட்மேன் தாளும் ஒரு சட்டைப் பித்தானும்

போட்டோகிராபி வரலாறுன்னு யார் எழுதினாலும் கேமரா, லென்ஸ், கெமிக்கல்னு மூணையும் சொல்லிட்டு முடிச்சுடுவாங்க. படம் உக்காந்திருக்கற காகிதத்தைப் பத்தி ஒரு வரி வந்தா பெரிய விஷயம். எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு கடுப்பு உண்டு. அதான் இந்தப் பதிவு.

1834ல இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் செய்தது இவ்வளவுதான்: எழுதுற தாளை உப்புத் தண்ணியில நனைச்சுக் காயவைத்து, மேலே சில்வர் நைட்ரேட் தடவி, வெயிலில் வைத்தார். இதுல கவனிக்க வேண்டியது, படம் தாளுக்கு மேலே ஒரு படலமாக நிற்கவில்லை, நாருக்குள்ளேயே விழுந்தது. அதனால தாளுக்குள்ள என்னென்ன இருக்கோ அத்தனையும் ரசாயனத்துல பங்கு கேட்கும்.

அப்போ போட்டோவுக்குன்னு தாள் யாரும் செய்யலை. டால்பட் விரும்பி வாங்கியது கென்ட் பகுதியில் மெய்ட்ஸ்டோன் ஊரிலிருந்த டர்க்கி மில்லின் வாட்மேன் தாள். எழுதவும் வரையவும் செய்த சரக்கு. அந்தக் காலத்துத் தாளெல்லாம் கந்தல் துணியை அரைச்சு செஞ்சது. துணியோட சேர்ந்து சட்டைப் பித்தானும் அரைபடும்! அந்த உலோகத் துணுக்கு வெள்ளி உப்போடு சேர்ந்தால் கரும்புள்ளி. யாரோ ஒருத்தரோட பழைய சட்டை, ஒரு சீமாட்டியோட மூக்கு மேல மச்சமா வந்து உக்காரும் :-)

அடுத்தது கஞ்சி. வேட்டிக்குப் போடுற மாதிரி தாளுக்கும் போடணும், இல்லேன்னா மை ஊறிப் பரவிடும். ஆங்கிலேயர்கள் ஜெலட்டின் போட்டாங்க, ஃபிரான்சில் மாவுக்கஞ்சியும் பிசினும். ஒரே மருந்து, ஒரே வெயில், ஆனா ரெண்டு தாளில் ரெண்டு நிறம்.

1842ல ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்பை வைத்து நீலப்படம் (சயனோடைப்) கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அதில் பதிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பக்கங்கள் சிலவற்றில் வாட்மேன் நீர்க்குறி இன்னிக்கும் தெரியுது.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. மதராஸ் அரசின் போட்டோகிராபர் லின்னேயஸ் ட்ரைப், 1858ல தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்திய நெகட்டிவும் காகிதம்தான், மெழுகு ஏத்தினது.

1850ல பிளாங்கார்ட் எவ்ரார் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைக் கொண்டுவந்த பிறகு ஆட்டமே மாறிடுச்சு. மெல்லிசா, வழவழப்பா, இரும்பு கலக்காத தாள் வேணும். ஃபிரான்சில் ரீவ், அப்போ பிரஷ்யாவில் (இப்போ பெல்ஜியத்தில்) இருந்த மால்மெடி, இந்த ரெண்டு ஊர் ஆலைகள்தான் முதல் உலகப்போர் வரைக்கும் கொடிகட்டிப் பறந்தன. காரணம்? பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை, இரும்பு குறைவான சுத்தமான தண்ணி. உலகத்துல பாதி கல்யாணப் படங்கள் ரெண்டு ஊர் ஓடைத் தண்ணியை நம்பி இருந்துச்சுன்னு நினைச்சா எனக்குச் சிரிப்பா வருது.

இப்போ கதை தலைகீழ். பழைய புத்தகங்கள் அமிலத்தால் நொறுங்குவதைப் பார்த்து, ஆலைகள் தாளில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகையறா, கலக்க ஆரம்பிச்சாங்க. புத்தகத்துக்கு ரொம்ப நல்லது. ஆனா சயனோடைப்பின் பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது, வெளுத்துடும். பிளாட்டினம் அச்சுக்கும் இந்தச் சுண்ணாம்பு தொல்லைதான். அதனாலதான் 1990களில் வேதியியலாளர் மைக் வேர், ரஸ்கோம் காகித ஆலையோடு சேர்ந்து சுண்ணாம்பே இல்லாத 'பக்ஸ்டன்' தாளை உருவாக்கினார். மத்தவங்க சாதாரண தாளை சல்ஃபாமிக் அமிலத்தில் ஊறவைத்து, சுண்ணாம்பை நுரைக்கவிட்டு விரட்டுறாங்க.

யாராவது நீலப்படம் போட்டுப் பார்க்கப் போறீங்கன்னா, அட்டையில் 'ஆசிட் ஃப்ரீ'ன்னு போட்டிருக்கேன்னு சந்தோஷப்பட்டு அள்ளிட்டு வராதீங்க. பெரும்பாலும் சுண்ணாம்பு சேர்த்ததைத்தான் அப்படிச் சொல்லி விக்கிறாங்க. முதல்ல ஓரத்துல ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்குதான்னு பாருங்க.