பூர்ச்சப் பட்டையில் ஒரு வழக்கு: நோவ்கோரத் 247ஆம் மடலும் ஸ்லாவிய ஒலிவரலாறும்

இரண்டாம் அண்ணமாதல் ஸ்லாவிய மொழிகள் அனைத்துக்கும் பொதுவானது என்பது முதுநிலை மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் விதி. பழைய ஈருயிர்களிலிருந்து பிறந்த முன்னுயிர்களுக்கு முன் ககரம் 'த்ஸ' ஆகும். கன்னடக் 'கிவி'க்கு எதிரே தமிழில் 'செவி' நிற்பதை அறிந்த நமக்கு இத்தகைய மாற்றம் வியப்பளிக்காது. அந்த விதி எவ்வளவு பொது என்பதே இங்கு கேள்வி.

வடமேற்கு ரஷ்யாவின் நோவ்கோரத் நகரில் 1956–57 அகழாய்வுகளில் கிடைத்த பட்டைமடல்களை அர்த்ஸிஹோவ்ஸ்கியும் போர்கோவ்ஸ்கியும் 1963இல் பதிப்பித்தனர். அவற்றுள் 247ஆம் மடலின் தொடக்கம் அழிந்துவிட்டது. எஞ்சிய பகுதியில் ஒருவன்மீது நாற்பது 'ரெஸானா' காசு தொடர்பான குற்றச்சாட்டு. அடுத்துப் பூட்டு, கதவுகள், வீட்டுக்காரர். பூட்டை அடுத்தும் கதவுகளை அடுத்தும் வரும் 'கேலே' என்ற சொல்லை அர்த்ஸிஹோவ்ஸ்கி துறவியர் அறை என்று கொண்டார். 'அறையின் பூட்டு, அறையின் கதவுகள்' என்றாகிறது அவர் வாசிப்பு.

அவர் ஏன் அங்கே போனார் என்பது விளங்குகிறது. அந்த உயிருக்கு முன் ககரம் நிற்கும் சொல் தாய்ச்சொல்லாக இருக்க முடியாது என்று விதி சொல்கிறது. எனவே கிரேக்கக் கடன்சொல்லைத் தேடினார். சான்றை விதிக்கு வளைத்த வாசிப்பு இது. வாக்கியத்துக்குப் பயனிலை இல்லாமற்போனது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஈறுகளோ இன்னும் உறுத்தலானவை. பூட்டுக்குப் பின்வரும் சொல் 'யே' எழுத்தில் முடிகிறது. கதவுகளுக்குப் பின்வருவது 'யாத்' எழுத்தில் முடிகிறது. ஒரே பெயரின் ஆறாம் வேற்றுமையானால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா? நோவ்கோரத் வழக்கில் முன்னது ஆண்பால் ஒருமை ஈறு, பின்னது பெண்பால் பன்மை ஈறு. இரண்டும் தத்தம் பெயருக்கு இயைந்த பயனிலைகள்.

1980களின் தொடக்கத்தில் மொழியியலாளர் சலிஸ்னியாக் 'கேலே'யை, பிற இடங்களில் 'த்ஸ' கொண்டு வரும் 'முழுமையான' என்ற பொருளுடைய தாய்ச்சொல்லாக, பயனிலையாகவே படித்தார்: பூட்டு உடையவில்லை, கதவுகளும் உடையவில்லை, வீட்டுக்காரரும் வழக்காடவில்லை. ஆகவே அவதூறு சொன்னவனுக்கே தண்டம் விதி என்று மடல் தொடர்கிறது. வழக்கு முழுமை பெறுகிறது. 1960களிலேயே குளுஸ்கினா பிஸ்கோவ் வட்டார வழக்குகளில் 'த்ஸ' வரவேண்டிய இடத்தில் 'க' வருவதைக் காட்டியிருந்தார். பட்டையைப் படித்தவர்கள் அதைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

மாற்றம் அங்கே நடக்கவேயில்லையா, நடந்து பின் திரும்பியதா? 'த்ஸ' பின்னோக்கி 'க' ஆகலாம் என்போர் உண்டு. நான் முதற்கட்சி. இதே மாற்றத்தால் 'ஸ' ஆக வேண்டிய ஒலி, 130ஆம் மடலில் சாம்பல்நிறத் துணியைக் குறிக்கும் 'ஹேர்' என்ற சொல்லில் பழைய 'ஹ' ஆகவே நிற்கிறது. ஸகரம் ஹகரமாகத் திரும்பியது என்று கொள்வதற்கு இந்த வழக்கிலிருந்து தனிச்சான்று வேண்டும். எதிர்த்தரப்பு அதைக் காட்டட்டும். ஒரு சொல்லை மட்டும் வைத்து இவ்வளவு பேசுகிறேன் என்பதும் உண்மைதான்; அதுவும் 247க்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிந்தியது. 247இன் காலத்தை 11ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதி என்பர். மண்ணடுக்கு தருவது மடல் புதைந்த காலத்தை. நோவ்கோரத் வட்டார வழக்கு எப்போது பிரிந்தது என்பதை அல்ல. அதற்கு ஆண்டு குறிக்க நான் துணியவில்லை.

பாடநூல்கள் 'அனைத்து ஸ்லாவிய மொழிகளுக்கும் பொது' என்று எழுதுமிடத்தில் 'வடமேற்கு நீங்கலாக' என்று சேர்த்தாக வேண்டும்.