அறிவுரை தோற்றது, மைதானம் ஜெயித்தது

உங்களில் பலர் வீட்டில் இப்போது பதின்ம வயதுப் பிள்ளைகள். "எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான் சார்" என்று போனில் வருத்தப்படுகிறீர்கள். இரண்டு நாடுகளின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

1983இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து போதையின் கேடுகளை விளக்கினார். சில ஆண்டுகளில் அது நாடு முழுக்கப் பரவியது. ஆனால் 1990களில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேடு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வயதில் துணிச்சலும் நண்பர்களின் கைதட்டலும்தான் பெரிதாகத் தெரியும். மூளையில் நிதானம் காட்டும் பகுதி முழுமையாக வளர இருபத்தைந்து வயதாகிவிடும்.

அதே காலத்தில் ஐஸ்லாந்து என்ற குட்டி நாட்டிலும் இந்தத் தொல்லை இருந்தது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். தினமும் புகை பிடித்தவர்கள் 23 சதவீதம்.

பள்ளிப் பிள்ளைகளிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். யார் தப்பினார்கள் என்று பார்த்தால், வாரத்தில் சில நாள் முறையாக விளையாடியவர்கள், பெற்றோருடன் நேரம் செலவிட்டவர்கள், இரவில் வெளியே சுற்றாதவர்கள். அதையே திட்டமாக்கினார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசுப் பணம் வந்தது. தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கென்றே ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். 13 முதல் 16 வயதுவரை குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. பெற்றோர்கள் கூடி, சிறுவர்களுக்கு மது வாங்கித் தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இரவில் முறைவைத்துத் தெருவைச் சுற்றி வந்தார்கள்.

2016இல் அந்த 42 சதவீதம் 5 ஆனது, 23 சதவீதம் 3 ஆனது. மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் அப்போது குடி குறைந்ததுதான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

நம் வீடுகளில் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் முதலில் நிறுத்துவது விளையாட்டைத்தான். பள்ளியிலும் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. தயவுசெய்து சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளை மைதானத்துக்கு விடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, போனை ஓரமாக வைத்துவிட்டு அவர்களோடு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்