டிராக்டரின் ஆயில் பிரஷர் மீட்டர் - ஒரு வரலாறு

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் டயரைப் பார்ப்பார்கள். அடுத்ததாகப் பார்ப்பது டேஷ்போர்டில் இருக்கும் ஒரு சின்ன வட்ட மீட்டரை. அதுதான் ஆயில் பிரஷர் மீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் கம்பீரமாக எழுந்து நிற்கும். ஒரு மணி நேரம் உழுதுவிட்டு வண்டியை சும்மா ஓடவிட்டால் மெல்ல மெல்ல இறங்கும். சில வண்டிகளில் பூஜ்ஜியத்தைத் தொடப் பார்க்கும். "இன்ஜின் போச்சு, பிரிச்சு வேலை பார்க்கணும்" என்று யாராவது சொல்வார்கள். விலை அங்கேயே சரிந்துவிடும்.

அந்த முள் உண்மையில் எதைத்தான் அளக்கிறது? முள் இறங்கினால் இன்ஜின் செத்துவிட்டது என்று அர்த்தமா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உலகத்தில் முதன்முதலாக லட்சக்கணக்கில் விற்ற டிராக்டரில் இந்த மீட்டரே கிடையாது என்பதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யமான தொடக்கம்!

பிரஷரே இல்லாத டிராக்டர்

1917 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்ட்சன்' என்ற டிராக்டரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு. ஆரம்பத்தில் செய்த வண்டிகளில் ஆயிரக்கணக்கானவை அங்கேதான் போயின. 1922-ல் இதன் விலை 395 டாலராகக் குறைந்தது. 1928-ல் அமெரிக்காவில் தயாரிப்பு நிறுத்தப்படும் வரை 7 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இந்த ஃபோர்ட்சனின் இன்ஜினில் ஆயில் பம்ப் இல்லை. பம்ப் இல்லாததால் பிரஷர் இல்லை, பிரஷர் இல்லாததால் மீட்டரும் இல்லை. அடியில் உள்ள தொட்டியில் எண்ணெய் கிடக்கும். கனெக்டிங் ராடின் அடிப்பாகம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் முங்கி எழுந்து நாலாபக்கமும் எண்ணெயைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலில்தான் பேரிங், பிஸ்டன், கேம் எல்லாமே நனைய வேண்டும். எண்ணெய் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஓட்டுநரின் ஒரே வேலை.

இந்த முறை நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும் மெதுவான இன்ஜினுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் நீண்ட ஏற்றத்தில் ஏறினால் எண்ணெயெல்லாம் பின்பக்கம் தேங்கிவிடும். முன் சிலிண்டரின் பேரிங் காய்ந்துபோகும். எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் சிதறல் எட்டாது. இதை முன்கூட்டிச் சொல்ல எந்த முள்ளும் இல்லை. பேரிங் தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும்.

கார்க்கைப் பிடுங்கி எறிந்த எண்ணெய்

பிரஷரே இல்லாமல் ஒரு இன்ஜின் எப்படி ஓடியது? இதற்கான விடை டிராக்டர் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

1883-ல் பிரிட்டனில் பொசாம்ப் டவர் என்ற இன்ஜினியர், இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரயில் பெட்டிகளின் அச்சு சுழலும்போது பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரத்தை ஓட்டியதும், ஊற்ற வேண்டிய துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். கார்க் வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டை ஆப்பு அடித்தார். அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது! கடைசியில் ஒரு பிரஷர் மீட்டரைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற எல்லையையே தாண்டியது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிப் பளு 100 பவுண்டுதான். இத்தனைக்கும் அங்கே பம்ப் எதுவும் இல்லை.

இந்தப் புதிரை 1886-ல் கணக்குப் போட்டு விடுவித்தவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். சுழலும் தண்டு தன்னோடு ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொண்டு குறுகலான இடுக்குக்குள் நுழைகிறது. அப்படித் திணிக்கப்படும் எண்ணெய் ஆப்பு போல அமைந்து தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் காரின் டயர், தரையைத் தொடாமல் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகுமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஷாஃப்ட்டின் சுழற்சிதான். ஓடும் இன்ஜினின் பேரிங்குக்குள் அது சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு வரை போகும். மீட்டர் காட்டும் 40 பவுண்டு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பம்பின் வேலை, பேரிங்கின் வாசல் வரை எண்ணெயைத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான்.

பம்ப்பும் முள்ளும் வந்த கதை

1890-ல் பர்மிங்காமின் பெல்லிஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. சி. பெயின், வேகமாக ஓடும் நீராவி இன்ஜினுக்காக பம்ப் மூலம் எண்ணெயை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தத்தை அளக்கும் மீட்டரோ அதற்கும் முந்தியது. 1849-ல் பிரான்சின் யூஜின் போர்டான், தட்டையாக்கி வளைத்த ஒரு உலோகக் குழாயை வைத்து அதைச் செய்திருந்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பழைய டிராக்டர்களின் மெக்கானிக்கல் மீட்டருக்குள் இருப்பதும் இதே வளைந்த குழாய்தான்.

இன்ஜினின் வேகம் கூடக் கூட டிராக்டருக்கும் பம்ப் தேவைப்பட்டது. வேகம் இரண்டு மடங்கானால் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனும் ராடும் பேரிங்கை இழுக்கும் விசை நான்கு மடங்காகிவிடும். வெறும் சிதறலை நம்ப முடியாது. ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் சேர்ந்து 1939-ல் கொண்டுவந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் இன்ஜின் 2000 சுற்று ஓடியது. அதாவது ஃபோர்ட்சனைப் போல இரண்டு மடங்கு. அதில் ஆயில் பம்பும் இருந்தது, டேஷ்போர்டில் மீட்டரும் இருந்தது. 1946-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரிப்பு தொடங்கி, பத்து ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் விற்ற ஃபெர்குசன் டிஇ20-யும் இதே வழியில் வந்ததுதான்.

பேரிங்குகளும் மாறின. 1839-ல் ஐசக் பாபிட் கண்டுபிடித்த வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, கையால் சுரண்டிச் சரிசெய்வதுதான் பழைய முறை. அதன் இடத்தில் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய பேரிங்குகள் வந்தன. தேய்ந்தால் கிராங்க் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கடைந்து, அதற்கேற்ற தடிமனில் புது பேரிங் போட்டால் போதும்.

முள் ஏன் இறங்குகிறது?

பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது போகும் வழியெல்லாம் பேரிங் இடுக்குகள். இடுக்கு குறுகலாக இருந்தால் எண்ணெய் தேங்கி அழுத்தம் ஏறும். அகலமானால் சுலபமாக வழிந்துவிடும், அழுத்தம் இறங்கும். தோட்டத்தில் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதும், விரலை எடுத்தால் சொளசொளவென்று விழுவதும் போலத்தான்.

இதில் ஒரு கணக்கு முக்கியம். இடுக்கு இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் வழியும் எண்ணெய் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு! 2 அங்குல விட்டமுள்ள ஷாஃப்ட்டுக்கு இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 2 பங்கு இருக்கும். அது 4 பங்காகத் தேய்ந்தாலே பம்ப் திணறத் தொடங்கும். இன்ஜின் சூடாகி எண்ணெய் நீர்த்து, ஐட்லிங்கில் பம்பும் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் முள் படுத்துவிடும். ஆக, அந்த முள் பல வருட உழைப்பின் தேய்மானத்தைத்தான் காட்டுகிறது.

அந்தத் தேய்மானத்தின் பெரிய காரணம் வயல் தூசி. 1915-லேயே அமெரிக்காவின் ஃபிராங்க் டொனால்ட்சன் டிராக்டருக்கென்று ஏர் கிளீனர் செய்யத் தொடங்கிவிட்டார். எண்ணெயை வடிகட்டும் ஃபில்டர் 1923-ல் வந்தது.

இன்னொரு காரணம் எரிபொருள். 1949-ல் வந்த ஃபெர்குசன் டிஇடி20 பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும். அவசரப்பட்டு முன்பே மாற்றினால் எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருக்கும், பார்க்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும்; ஆனால் ஆயில் தண்ணீராகியிருக்கும். டீசல் வண்டிகளிலும் இது உண்டு. ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் ஆயிலுக்குள் இறங்கும். ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும் இந்தக் கோளாறுக்கு, இன்ஜினையே பிரிப்பது எவ்வளவு வீண்செலவு!

சென்னைக்கு வந்த முள்

ஃபெர்குசன் வரிசையின் அடுத்த தலைமுறை மாஸி ஃபெர்குசன் 35. அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் பெரிய பெயர் வாங்கியது. 1959-ல் பெர்கின்ஸ் கம்பெனியையே மாஸி ஃபெர்குசன் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, 1960-ல், அவர்களோடு சேர்ந்து சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன் கம்பெனி இன்ஜின்களைத் தயாரித்தது. தமிழ்நாட்டு வயல்களில் 'மாஸி' என்று செல்லமாக அழைக்கப்படும் 1035 இந்தப் பரம்பரைதான்.

அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸுக்குச் சொல்லப்பட்ட அளவு, இன்ஜின் நன்கு சூடாகி முழு வேகத்தில் ஓடும்போது 30 முதல் 60 பவுண்டு வரை. 'சூடாகி', 'முழு வேகத்தில்' என்ற இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜினில் எழுந்து நிற்கும் முள்ளை நம்பி வாங்குவதும் தவறு, ஐட்லிங்கில் இறங்கிய முள்ளைப் பார்த்துப் பயந்து விற்பதும் தவறு.

பிரிப்பதற்கு முன்

இந்த வரலாறு சொல்லித் தரும் வரிசை எளிமையானது. முதலில் மீட்டரையே சந்தேகப்பட வேண்டும். சரியாக வேலை செய்யும் வேறொரு மீட்டரைப் பொருத்திப் பார்க்கலாம். அடுத்து ஆயிலின் அளவு, தன்மை, வாசனை. பிறகு பிரஷர் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சம்ப்பைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பம்ப். பேரிங்கும் கிராங்க் ஷாஃப்ட்டும் கடைசியில்தான். பழைய இன்ஜினுக்கே உரிய வேலை இது. தேய்மானத்துக்கு ஏற்ப ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு அங்குலம் கடைந்து மறுபடி ஓடவிடலாம்.

ஆனால் வரிசையில் நேரம் போக்குவது வண்டியை ஓட்டிக்கொண்டே அல்ல. நேற்று வரை 40 காட்டிய முள் இன்று திடீரென்று விழுந்தால், அல்லது கீழிருந்து தட்டும் சத்தம் கேட்டால், அந்த நிமிடமே இன்ஜினை நிறுத்த வேண்டும். வாசல் வரை எண்ணெய் வரவில்லை என்றால் ரெனால்ட்ஸ் சொன்ன ஆப்பு உருவாகாது. உலோகத்தோடு உலோகம் உரச ஆரம்பித்தால் பேரிங் உருகச் சில நிமிடங்கள் போதும்.

கெட்டியான ஆயிலை ஊற்றி முள்ளை ஏற்றிக்காட்டும் தந்திரமும் உண்டு. இதில் இடுக்கு குறைவதில்லை, கசிவு மெதுவாகிறது, அவ்வளவுதான். விற்பவருக்கு லாபம், குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் மேலே ஏறி வரும் வரை காய்ந்து சுற்றும் இன்ஜினை வாங்கியவருக்கு நஷ்டம். எனவே வாங்கப் போகிறவர்கள் முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பிறகு வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டச் சொல்லுங்கள். மீட்டரைப் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.