மஞ்சள் பலகையும் ஒரு ரூபாய் நாணயமும்

சென்னைத் தெருக்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் நின்றுவிட்டு மறைந்த பொருள்களுள் ஒன்று, எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று கறுப்பு எழுத்தில் எழுதிய மஞ்சள் பலகை. மயிலாப்பூர் கச்சேரி சாலையிலும், தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும், அடையாறு காந்தி நகரிலும் அது கண்ணில் படாமல் சிறிது தூரங்கூட நடக்க இயலாத காலம் ஒன்று இருந்தது. அந்தப் பலகையின் கதையைத் தொலைத்தொடர்பு வளர்ச்சியின் கதையாகவே பலரும் சொல்லி வருகின்றனர். பார்வையற்றோர் பலரின் பிழைப்பும் அதனுள் அடங்கியிருந்தது.

1984-இல் சி-டாட் நிறுவனம் தோன்றியது. சாம் பிட்ரோடா போன்றோரின் முயற்சியால், வீட்டுக்கொரு தொலைபேசி கிட்டாத நாட்டில் தெருவுக்கொரு தொலைபேசி என்ற எண்ணம் செயல்வடிவம் பெற்றது. அக்கடைகளை ஒதுக்குவதில், அந்நாளைய சொல்வழக்கின்படி, உடல் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. அரசு ஆணைகள் பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. இது தங்கவில்லை.

ஏன் இத்தொழில் பார்வையற்றோருக்கு இவ்வளவு பொருந்திற்று? எண்களை விரல் அறியும். மறுமுனையின் மணியோசையைச் செவி அறியும். நாணயங்களைத் தடவியே இனம் காணலாம். கட்டணமானியில் ஒளிரும் சிவப்பு எண்களை மட்டும் பேச வந்தவரே படித்துச் சொல்ல வேண்டும். அதில் ஏமாற்றியோரும் இருந்திருப்பர். ஆயினும் வாடிக்கையாளர் தேடி வருவார். இவர் ஓரிடத்தில் மதிப்போடு அமர்ந்திருப்பார். அதுவரை இவர்களுக்குத் திறந்திருந்த வழிகள் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், இசை, ரயிலில் கூவி விற்றல் ஆகியனவே. கற்றோர் சிலர் ஆசிரியராயினர். அடையாற்றில் மொன்போர்ட் அருட்சகோதரர் நடத்தும் புனித லூயிஸ் நிலையமும், நகரின் நடுவே அருட்சகோதரியர் நடத்தும் லிட்டில் பிளவர் பள்ளியும் எத்தனையோ சிறாருக்குப் பிரெய்ல் எழுத்தைக் கற்பித்தன. கற்று வெளிவந்தோர் யாவருக்கும் வேலை தரும் ஆற்றல் பள்ளிகளுக்கு ஏது?

பின்னர் வந்தது நாணயப் பெட்டி. ஒரு ரூபாயை உள்ளே போட்டால் உள்ளூர் அழைப்பு ஒன்றை விற்கும் பெட்டி அது. மளிகைக் கடை, மருந்துக் கடை, தேநீர்க் கடை என எங்கும் அது குடியேறியது. அதற்குக் காவல் வேண்டாம், கூலி வேண்டாம், கணக்கும் வேண்டாம். கடைக்காரருக்கு அது உபரி வருவாய். அருகிருந்த சாவடிக்காரருக்கோ அதுவே முழு வருவாய். அலைபேசிதான் சாவடிகளை ஒழித்தது என்பர். 2003-இல் உள்வரும் அழைப்புகள் இலவசமான பின்னர் அது பெரும் உண்மையே. எனினும் அன்றாடச் சில்லறை வருமானத்தில் முதலில் கை வைத்தது ஆளில்லா இந்தப் பெட்டியே என்பது என் கணிப்பு.

இதே வழக்கை வேறொரு நாடு முன்னரே சந்தித்திருக்கிறது. அமெரிக்காவில் 1936, ஜூன் 20 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட ராண்டால்ஃப்-ஷெப்பர்டு சட்டம், மத்திய அரசுக் கட்டடங்களில் பார்வையற்றோர் விற்பனைக் கடை நடத்த உரிமை தந்தது. செய்தித்தாள், மிட்டாய், சுருட்டு விற்ற அக்கடைகள் ஓரளவு செழித்தன. அப்பால் நாணயம் போட்டால் குளிர்பானம் தரும் இயந்திரங்கள் அதே கட்டடங்களின் நடைகூடங்களில் வரிசையாக நிறுவப்பட்டன. அவற்றின் வருவாய் பல இடங்களில் ஊழியர் நலச் சங்கங்களுக்குப் போயிற்று. பார்வையற்ற வணிகர்கள் தங்கள் அமைப்புகளின் வழியே பல்லாண்டு வாதாடினர். 1974-இல் சட்டம் திருத்தப்பட்டது. பார்வையற்றவர் கடையோடு நேரடியாகப் போட்டியிடும் இயந்திரத்தின் வருவாய் நூற்றுக்கு நூறும், நேரடிப் போட்டியற்ற இயந்திரத்தின் வருவாயில் நூற்றுக்கு ஐம்பதும், பெரும்பகுதி வேலை வழக்கமான அலுவல் நேரத்துக்கு வெளியே நடக்கும் இடங்களில் நூற்றுக்கு முப்பதும் பார்வையற்றோரைச் சேரும் என்று அத்திருத்தம் விதித்தது. சிறு வருவாயுள்ள இடங்களுக்கு விலக்கும் உண்டு. இயந்திரத்தை எவரும் தடை செய்யவில்லை. அது யாருடைய இடத்தில் நிற்கிறது என்று மட்டும் கேட்டார்கள்.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம், தொழில் தொடங்கச் சலுகை விலையில் இடம் ஒதுக்குவதைப் பற்றிப் பேசிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய ஒதுக்கீட்டில் நூற்றுக்கு ஐந்து என்று அளவு குறித்தது. இரண்டும் நல்லவையே. ஆனால் இடம் கொடுத்த பின் அவ்விடத்தின் வணிகத்தை வேறொன்று விழுங்கினால் என்ன செய்வது? ஒவ்வொரு நாணயப் பெட்டியின் வருவாயிலும் சிறு பங்கைச் சாவடிக்காரர்க்கென ஒதுக்க யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸர்சென்ஸ்' சுற்றுமடலில் இரு கருத்துகள் தனித்தனியே வருகின்றன. கருவி மனிதனுக்குத் துணையாக வந்து, பின் அவனையே வெளியேற்றக்கூடும் என்பது ஒன்று. உடற்குறையுள்ளோர் உழைப்பில் முழு உரிமையுடைய மாந்தர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே நம் பழைய தொலைபேசிச் சாவடி. எரிகோ வழியோரத்துப் பர்த்திமேயுவிடம், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்றே ஆண்டவர் முதலில் கேட்டார். நாம் பெரும்பாலும் கேட்காமலே கொடுக்கிறோம். கேட்காமலே எடுத்தும் விடுகிறோம்.

மின்ரயிலில் கூவி விற்கும் பழைய வழி மட்டும் மிஞ்சிற்று. 1931 முதல் ஓடும் கடற்கரை-தாம்பரம் மின்ரயிலில் அட்டை உறை, பேனா, சாவி வளையம், கடலை மிட்டாய் விற்கும் பார்வையற்றோரைப் பயணிகள் அறிவர். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி உரிமமின்றி விற்பது குற்றம். தண்டம் 2,000 ரூபாய் வரை போகலாம். பிச்சையையும் வணிகத்தையும் ஒரே பிரிவில் அச்சட்டம் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

ரயில் நிலையங்களில் பயணச்சீட்டு இயந்திரம் வந்தபோது வேடிக்கை ஒன்று நிகழ்ந்தது. மக்களுக்கு அது பழகாததால், பொத்தானை அழுத்தித் தர ஆட்கள் தேவைப்பட்டனர். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்குக் கழிவு அடிப்படையில் அவ்வேலை தரப்பட்டது. வழவழப்பான தொடுதிரை; தடவி அறிய மேடு பள்ளம் ஏதுமில்லை. பார்வையற்றவர் அங்கே விற்கவும் இயலாது, தனியே வாங்கவும் இயலாது. 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் நிறுவப்பட்டது. நெகிழிக்கு மாற்று என்ற நோக்கம் பாராட்டுக்குரியது. ஆனால் ஒருவர் நின்றோ அமர்ந்தோ விற்கக்கூடிய பொருள்தானே அது!

பணத்தாளும் மாறிவிட்டது. பழைய நூறு ரூபாய்த் தாளுக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கும் நீளத்தில் பத்து மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. 2016-க்குப் பின் வந்த வரிசையில் இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் வேறுபாடு நான்கே மில்லிமீட்டர், அகலம் ஒன்றே. விரல்கள் தடுமாறுகின்றன. இப்போது கடைகளில், பணம் வந்து சேர்ந்ததைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும் சிறு பெட்டி காணப்படுகிறது. வாடிக்கையாளர் நெரிசலில் திரையைப் பார்க்க நேரமில்லாத கடைக்காரருக்காக வந்த பொருள் அது. அன்று கட்டணமானியின் சிவப்பு எண்களைப் பிறர் வாயால் கேட்டறிந்தவருக்கு, இன்று கணக்கை அந்தப் பெட்டியே சொல்லும். அதற்குப் பல நிறுவனங்கள் மாத வாடகை வாங்குகின்றன.