நரி கீரியான கதை

2007 கோடை விடுமுறையில், மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் லேப்பில் முப்பது கம்ப்யூட்டர்களில் நான் ஒருவனாக டெபியன் 4.0 லினக்ஸ் ஏற்றினேன். அப்போது நான் லேப் அசிஸ்டென்ட். கல்லூரி திறந்த முதல் நாளே பிள்ளைகள் வந்து நின்றார்கள். "அண்ணே, நரியைக் காணோம்ணே!"

பயர்பாக்ஸைத்தான் அவர்கள் நரி என்பார்கள். உலக உருண்டையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த செந்நிற நரி போய், வெளிறிப்போன வேறொரு பிராணி அங்கே இருந்தது. பெயர் ஐஸ்வீசல். துறைத் தலைவர் வந்து பார்த்தார். வைரஸ்தான் என்று முடிவு கட்டி, லேன் ஒயரை உருவச் சொன்னார். வீசல் என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டினால் மரநாய் என்றிருந்தது. எங்கள் பக்கம் மரநாய் என்றால் ராத்திரியில் ஓட்டுக்கூரைமேல் ஓடுவது, அது வேறு. "கீரி மாதிரி ஒண்ணு சார்" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து லேப்பில் அதற்குக் கீரி என்றே பெயர்.

நரி பரியான கதையை மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நரி கீரியான கதைக்குத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மைக்ரோசாப்டோடு மோதிப் பின்தங்கிய நெட்ஸ்கேப், 1998இல் தன் பிரவுசரின் மூல நிரலை ஊருக்கே திறந்துவிட்டது. அதிலிருந்து பிளேக் ராஸும் டேவ் ஹயாட்டும் சதையைக் குறைத்து, சின்னதாக, வேகமாக ஒன்றைச் செதுக்கினார்கள். 2002 செப்டம்பரில் அது வெளிவந்தபோது பெயர் பீனிக்ஸ். நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த பறவையாம். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்தது. பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'பீனிக்ஸ் பயாஸ்' என்று வருமே, அவர்கள்தான். 2003 ஏப்ரலில் பெயர் பயர்பேர்ட் ஆனது. பறவை அதேதான், கூப்பிடும் பெயர்தான் வேறு. இப்போது எதிர்ப்பு இன்னொரு திறமூலக் கூட்டத்திடமிருந்து கிளம்பியது. போர்லாண்ட் கம்பெனி 2000இல் திறந்துவிட்ட இன்டர்பேஸிலிருந்து வளர்ந்த தரவுத்தளம் ஒன்று, பயர்பேர்ட் என்ற பெயரிலேயே புழங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி வக்கீலைவிடச் சொந்தக்காரன் கோபம் பொல்லாதது. 2004 பிப்ரவரியில், 0.8 பதிப்போடு, பயர்பாக்ஸ் என்று மாற்றினார்கள். பதினேழு மாதத்தில் மூன்று பெயர்!

இதில் ஒரு வேடிக்கை. பயர்பாக்ஸ் என்பது செம்பாண்டாவுக்கு உள்ள இன்னொரு பெயர். சிக்கிமின் மாநில விலங்கு அது. படம் வரைந்த ஜான் ஹிக்ஸ் நரியை வரைந்துவிட்டார். ஆக, பெயர் பாண்டாவுடையது, முகம் நரியுடையது.

இவ்வளவு அலைந்து சேர்த்த பெயரை, பயர்பாக்ஸை வெளியிடும் மொஸில்லா அமைப்பு பத்திரப்படுத்தியதில் வியப்பில்லை. டெபியன்காரர்களோ கொள்கைவாதிகள். அப்போதெல்லாம், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமம் இல்லாத எதையும் தங்கள் வட்டில் சேர்க்க மாட்டார்கள். நிரலுக்கு அந்த உரிமம் இருந்தது, நரிப் படத்துக்கு இல்லை. ஆகவே நரியை விட்டுவிட்டு, வெறும் உருண்டையோடு பயர்பாக்ஸ் என்ற பெயரில் கொடுத்துவந்தார்கள். 2006இல் மொஸில்லா மறித்தது: பெயர் வேண்டுமென்றால் படமும் வேண்டும், நிரலில் நீங்கள் செய்யும் திருத்தங்களையும் எங்களிடம் காட்ட வேண்டும். ஒரே பதிப்பை வருடக்கணக்கில் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுகிற டெபியனுக்கு அது கட்டுப்படியாகுமா? பெயரைத் துறந்தார்கள். தீக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் வீசல். கிண்டலாக யாரோ சொல்லி வைத்திருந்த பெயரே நிலைத்தது. பயர்பாக்ஸின் கூடப்பிறந்தவையும் தப்பவில்லை: தண்டர்பேர்ட் ஐஸ்டவ் ஆனது. சீமங்கிக்கு ஐஸ்ஏப்.

நிரல் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று பிரிந்தது இது மட்டுமல்ல. அதே 2006இல், ஈதீரியல் என்ற நெட்வொர்க் கருவியை எழுதிய ஜெரால்ட் கோம்ப்ஸ் வேலை மாறினார். நிரல் கூடவே வந்தது. பெயர் பழைய கம்பெனியிடம் தங்கிவிட்டது. அதைத்தான் இன்று வயர்ஷார்க் என்கிறோம்.

அப்போது எனக்கு மொஸில்லாமீது கோபம்தான். ஊருக்குப் பொது என்று சொல்லிவிட்டு வாசலில் மட்டும் பூட்டா என்று பேசியிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவன் வீட்டு கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனேன். எங்கிருந்தோ இறக்கிய 'பயர்பாக்ஸ்'. திறந்தால் நாலு வரிசை டூல்பார், அதற்குக் கீழே ஒரு சாண் இடத்தில் வலைப்பக்கம். நரிப் படம் மட்டும் அச்சு அசலாக இருந்தது. அதற்கப்புறம் பூட்டைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

பத்து வருடம் கழித்து இரு தரப்பும் சமாதானமாயின. படத்தின் உரிமம் சிக்கல் இல்லாததாகியிருந்தது. டெபியனின் ஒட்டுகள் பெயரைக் கெடுக்கவில்லை என்று மொஸில்லாவும் ஒப்புக்கொண்டது. 2016இல் ஒரு சாயங்காலம் லேப்பில் அப்டேட்டை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். பரியெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி நரியானதுபோல, காலையில் முப்பது திரையிலும் நரி.

முதல் பீரியட் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

"சார், கீரியைக் காணோம் சார்."