பெட்ரோலில் 20% எத்தனால்: மைலேஜ் குறையுமா? பழைய வண்டி என்ன ஆகும்?

"முன்னாடி மாதிரி மைலேஜ் கொடுக்க மாட்டேங்குதே..." பங்க்கிலும் மெக்கானிக் கடையிலும் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பலரும் கை காட்டுவது 'இ20' பெட்ரோலை. அது என்ன? பயப்பட வேண்டுமா?

இ20 என்றால் என்ன?

80% பெட்ரோல், 20% எத்தனால் கலந்த எரிபொருள்தான் இ20. எத்தனால் என்பது ஒரு வகை ஆல்கஹால். கரும்புச் சாறு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ், மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்க வைத்து, காய்ச்சி வடித்து, நீரை நீக்கி எடுக்கிறார்கள்.

இந்தியாவில் எப்போது வந்தது?

2003-ல் சில மாநிலங்களில் 5% கலப்புடன் தொடங்கியது. 2022 ஜூனில் 10%-ஐ எட்டியது. 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கியது. 20% இலக்கு முதலில் 2030-க்குத்தான் இருந்தது. முன்கூட்டியே 2025-ல் எட்டப்பட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும், விவசாயிகளுக்கு வருமானம் தருவதும் அரசு சொல்லும் காரணங்கள்.

மைலேஜ் உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கு. கலப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு என்பதால், மொத்த ஆற்றல் 6 முதல் 7% வரை குறையும். பழைய வடிவமைப்பு கார்களில் 6-7%, பைக்குகளில் 3-4% மைலேஜ் குறையலாம் என 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடிய கார் சுமார் 14 கி.மீ. ஓடும். 50 கி.மீ. கொடுத்த பைக் 48 கொடுக்கும். பாதியாகக் குறைந்துவிட்டது என்றால், கோளாறு வேறு எங்கோ இருக்கு!

பழைய வண்டிக்கு என்ன பிரச்சனை?

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இ20-யைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் போன்றவை சீக்கிரம் கெட்டுப் போகலாம். சில பழைய வண்டிகளில் 20,000-30,000 கி.மீ.க்குப் பிறகு இவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்பதை பெட்ரோலியத் துறையும் ஒப்புக்கொண்டுள்ளது.

இன்னொன்று, தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது, டேங்க் துருப்பிடிக்கும்.

நல்லதே இல்லையா?

இருக்கு. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். இன்ஜினில் 'நாக்கிங்' குறையும், கார்பன் மோனாக்சைடு புகையும் குறையும். பிரேசில் 1975 முதலே எத்தனாலை ஊக்குவிக்கிறது. 2025-ல் அங்கு கலப்பு 30% ஆனது. ஆனால், எத்தனால் கலப்பு எவ்வளவு இருந்தாலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ் ஃபியூயல்' கார்கள் அங்கு 2003 முதலே விற்பனையில் இருக்கு.

அப்போ விலை ஏன் குறையல?

எத்தனாலும் மலிவு இல்லை. மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு நிர்ணயித்த கொள்முதல் விலையே 2025-ல் லிட்டருக்கு 71.86 ரூபாயாக இருந்தது. மைலேஜ் குறைந்தும் விலை குறையாததுதான் மக்களின் கோபத்துக்குக் காரணம். கலப்பில்லாத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நீங்க என்ன செய்யலாம்?

* பெட்ரோல் மூடியின் அருகில் அல்லது வண்டியின் கையேட்டில் 'இ10', 'இ20' என்று இருக்கிறதா பாருங்கள்.
* மாதக்கணக்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.
* மழையில் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.
* வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாமல், டேங்கை முழுசா காலி செய்யச் சொல்லுங்கள்.
* சர்வீஸின்போது ஹோஸ், ஃபியூயல் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் தள்ளிப்போட வேண்டாம்; கசியும் ஹோஸ் தீ விபத்தில் கொண்டுபோய் விடலாம்.