பாராமகாலும் திருகோணமலைத் துறைமுகமும்

கடலே இல்லாத கடத்தூரின் சிறப்பு மலரில் துறைமுகத்தின் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை 1782இல் இருக்கிறது. அப்போது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் சீமை மைசூரின் ஐதர் அலி கையில் இருந்தது. ஆங்கிலேயக் கும்பெனியோடு கடும்போர். ஐதரிடம் மின்னலாய்ப் பாயும் குதிரைப்படை உண்டு. ஆங்கிலேயரின் கப்பல்களை எதிர்க்கக் கப்பல் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட வந்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சூஃப்ரான். இருவரும் அந்த ஆண்டு ஜூலையில் கடலூர் அருகே நேரில் சந்தித்தார்கள்.

சூஃப்ரானுக்கோ கப்பல்களைக் கட்டி நிறுத்த இடம் இல்லை. சோழமண்டலக் கரை நெடுகத் திறந்த கடல்தான். சென்னையானாலும் கடலூரானாலும் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; ஆளும் சரக்கும் படகில் அலையைத் தாண்டிக் கரை சேரவேண்டும். ஐப்பசியில் வாடை கிளம்பினால் அங்கே நிற்பதும் ஆபத்து. பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிட ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போவார்கள், திரும்ப மாதங்களாகும். மலைகள் சூழ்ந்து, ஆழம் மிகுந்து, எந்தக் காற்றுக்கும் மறைவு தரும் இலங்கையின் திருகோணமலை ஒன்றே பக்கத்தில் இருந்த புகலிடம். அதனால்தான் அந்த ஒரே ஆண்டில் அது இரண்டு முறை கைமாறியது. ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தார்கள். ஆகஸ்டு முடிவில் சூஃப்ரான் பறித்தார். செப்டம்பர் 3ஆம் நாள் மீட்க வந்த ஆங்கிலேயக் கப்பல்களோடு வெளிக்கடலில் பெரும் சண்டை நடந்தது.

மறு ஆண்டு ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, திருகோணமலையிலிருந்து கிளம்பிய சூஃப்ரான் அவர்களின் கப்பல்களை விரட்டினார். முற்றுகை தளர்ந்தது. அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் என்ற செய்தி வந்துவிட்டது. அந்த முற்றுகைப் படையில் தாமஸ் மன்றோ என்ற இளம் அதிகாரியும் இருந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கும்பெனிக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே நிலவரி வகுக்க வந்தவர் அவரே. நம் பட்டா, ரயத்துவாரி முறைகளின் தொடக்கத்தைத் தேடினால் கடலூர்க் கடற்கரை வரை போகவேண்டியிருக்கிறது!

திருகோணமலையில் கட்டியவர்கள் எல்லோரும் போருக்காகவே கட்டினார்கள். 1620களில் போர்த்துகீசியர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை எழுப்பினர். இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில் தமிழ்க் கல்வெட்டும் இணைக்கயல் சின்னமும் நிற்கின்றன. 1795இல் மீண்டும் வந்த பிரிட்டிஷார் நிலைத்துத் தங்கிவிட்டார்கள். ஆனால் தேயிலை ஏற்றுமதிக்கு அவர்கள் தேர்ந்தது கொழும்பை. இயற்கை அரண் இல்லாத அக்கடலில் 1875 முதல் அலைதாங்கிச் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். திருகோணமலைக்குப் போர்க்கப்பல்களும், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவில் எழும்பிய எண்ணெய்க் குதங்களும் (சேமிப்புத் தொட்டிகள்) வந்தன. தலா ஏறக்குறைய 12,000 டன் கொள்ளும் அந்தக் குதங்கள், என் கணிப்பில், கோட்டையை விட முக்கியமானவை.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு பொழிந்தன. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. இலங்கை 1948இல் விடுதலை பெற்றும் கடற்படைத்தளம் 1957இல்தான் பிரிட்டிஷாரிடமிருந்து கைக்கு வந்தது.

பின்னர் 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 வரை நீடித்தது. துறைமுகத்தைச் சுற்றித் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் இடம்பெயர்ந்தார்கள். 2004 சுனாமியும் இடையில் அடித்தது. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே, இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைக்கும் இத்துறைமுகத்தைத் தரக்கூடாது, குதங்களைக் கூட்டாகச் சீரமைக்க வேண்டும் என்று எழுதியாயிற்று. நடந்ததோ மெதுவாக. 2003இல் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி உள்ளே வந்தது. எஞ்சிய 99 குதங்களில் 14ஐ அதனிடமும், 24ஐ இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61ஐ இரண்டும் சேர்ந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்க 2022 ஜனவரியில்தான் கையெழுத்தானது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க மூன்று நாடுகளும் உடன்பாடு செய்தன. கொள்கலன் கப்பல்கள் மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் கொழும்புக்கே போகின்றன.